ஆப்பிள் ஈயும் மாம்பழ ஈயும்

எண்பதுகளின் நடுவில் பாரீசில் நான் பார்த்த வேலையை உறவுக்காரர்களுக்குப் புரியவைப்பது பெரும்பாடாக இருந்தது. புதுச்சேரியிலிருந்து வந்த எங்கள் பெண்களில் சிலர் அலுவலகங்களில் தட்டச்சு செய்தார்கள், சிலர் மருத்துவமனைகளில் இருந்தார்கள். நான் புழு வைத்த பழங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். பயிர்களைத் தாக்கும் பூச்சிகளைக் கண்டறியும் அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளர் வேலை. தோட்டங்களிலிருந்தும் சந்தைகளிலிருந்தும் வரும் காய்கனிகளை அறுத்து, உள்ளே இருப்பதை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போடவேண்டும். கண்ணாடிச் சாமான்களைக் கழுவவேண்டும். கூண்டுகளில் வளரும் பூச்சிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கவேண்டும். அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்த என் கணவர் மாலையில் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னைக்கு எந்தப் புழு?" என்று கேட்பார். கேலிதான். ஆனால் பதில் சொல்லாமல் விட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

வீடு ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. அந்த வருடங்களில்தான் எங்கள் தெருவிலும் பக்கத்து ரூ காயிலும் யாழ்ப்பாணத்துக்காரர்களின் கடைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. அதுவரை கறிவேப்பிலைக்கு ஊரிலிருந்து வருகிறவர்களின் பெட்டியை எதிர்பார்த்திருந்த எங்களுக்கு, படியிறங்கினால் முருங்கைக்காய் என்பது நம்பமுடியாத வசதி. அப்படி வந்த கடைகளில் ஒன்றை நடத்தியவர் முப்பது வயது இளைஞர். பேச்சு குறைவு. காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு பழமாக எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்து அடுக்குவார். அவர் என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன்.

இனி ஆய்வுக்கூடத்து மதாமைப் பற்றிச் சொல்லவேண்டும். பூச்சிகளை அடையாளம் காணும் பொறுப்பு அவருடையது. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். பிரெஞ்சுக்காரர், மீன்பிடிக் கிராமம் ஒன்றில் பிறந்து படித்து வந்தவர். நெடுநெடுவென்று உயரம். கழுத்தில் சங்கிலிக்குப் பதில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. பிறந்தநாள் விருந்துக்கு நல்ல உடை உடுத்தி வந்தபோதும் அது தொங்கியது. என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. யார் எதைக் கேட்டாலும், தெரியாவிட்டால் உடனே "தெரியவில்லை" என்று சொல்லிவிடுவார். வெட்கப்படமாட்டார், சமாளிக்கமாட்டார். நல்ல சேதி சொல்வதுபோல் முகம் மலர்ந்துதான் சொல்வார். அலுவலகத்தில் அப்படிப் பேசிய வேறு ஒருவரை நான் அறியேன்.

ஒரு செப்டம்பரில், நகருக்கு வடக்கே ஆப்பிள் தோட்டம் வைத்திருந்த ஒருவர் கூடை ஒன்றோடு வந்து நின்றார். அறுபதைத் தாண்டியவர், தடித்த மீசை, சிவந்த கழுத்து. கூடையை மேசைமேல் வைத்தார்.

"முப்பது வருடமாக ஆப்பிள் வளர்க்கிறேன். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை" என்றார்.

வெளியே பார்த்தால் பழங்களில் குறையொன்றும் இல்லை. மதாம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் மெல்லத் திருப்பி, ஓரிடத்தில் நிறுத்தி எனக்குக் காட்டினார். ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி, சுற்றிலும் லேசாகப் பழுப்பேறிய வட்டம். நான் வெட்டினேன். உள்ளே சதை முழுவதும் கூழாகிக் கிடந்தது, அந்தக் கூழுக்குள் வெள்ளைப் புழுக்கள்.

ஆப்பிளில் புழு என்றால் எங்களுக்குப் பழகிய ஒன்று உண்டு. அது அந்துப்பூச்சியின் புழு. அதற்குத் தலை உண்டு, கால் உண்டு, நேராக விதை வரைக்கும் துளைத்துக்கொண்டு போகும், ஒரு பழத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். இவற்றுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. ஒரு முனை கூர்மை, மறுமுனை மொண்ணை, பழத்துக்குப் பழம் ஒரு கூட்டம். நான் ஒன்றை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தேன். அது வளையம்போல் வளைந்து தன் வாலைத் தானே கவ்வி, சட்டென்று விட்டது. மேசையைத் தாண்டி என் செருப்பின்மேல் போய் விழுந்தது! நான் கத்திவிட்டேன். தோட்டத்துக்காரர்கூட அந்தக் கவலைக்கு நடுவில் சிரித்தார். மதாம் சிரிக்கவில்லை. குனிந்து என் செருப்பிலிருந்து அதைப் பத்திரமாக எடுத்தார்.

"துள்ளுகிறாள்" என்றார். பூச்சி எதுவானாலும் அவருக்குப் பெண்தான். "பழத்துக்குள் தின்று முடித்துவிட்டாள். இனி மண் வேண்டும் அவளுக்கு. மண்ணைத் தேடித்தான் இந்தத் துள்ளல். இது பழ ஈயின் புழு."

தோட்டத்துக்காரர் அதற்காகவே காத்திருந்தவர்போல் பேசத் தொடங்கினார். ஆப்பிளை வேனில் ஏற்றி, எங்கள் வீடு இருக்கும் லா ஷப்பல் பகுதிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வழக்கம். திரும்பும்போது அந்தக் கடைகளில் கெட்டுப்போன பழங்களை எருக்குழிக்கென்று ஏற்றிக்கொண்டு வருவார். அதில் மாம்பழமும் இருந்ததாம், அதிலும் புழு இருந்ததாம். "தமிழர் கடை, ரூ காயில். அந்த மாம்பழம்தான் என் தோட்டத்தைக் கெடுத்தது. வேறெதுவும் இல்லை" என்றார்.

அவர் சொன்ன அடையாளத்தில் அது எந்தக் கடை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன்.

எங்கள் பிரிவின் தலைவர் அவசரக்காரர், கெட்டவர் இல்லை. விஷயம் காதில் விழுந்ததும் வந்துவிட்டார். கடையின் பழங்களை உடனே நிறுத்தும்படி மேலிடத்துக்கு எழுதிவிடலாம் என்றார்.

"என்னவென்று எழுதுவது?" என்று மதாம் கேட்டார்.

"மாம்பழ ஈ ஆப்பிளுக்கு வந்துவிட்டது என்று."

"அது எனக்குத் தெரியாதே. ஈயின் புழு என்பது மட்டும் தெரியும். எந்த ஈ என்று புழுவைப் பார்த்துச் சொல்லப்போய்த் தவறியவர்கள் இருக்கிறார்கள். நானும் தவறுவேன். அது ஈயாகி வெளியே வரட்டும், இறக்கையைப் பார்த்துச் சொல்கிறேன்."

"அதற்குள் பரவிவிட்டால்?"

"பரவாமலிருக்கச் செய்யவேண்டியதை இன்றே தொடங்குவோம். விழுந்த பழத்தைப் பொறுக்கிப் புதைப்பதற்கு ஈயின் பெயர் தேவையில்லை. யார்மேல் பழி போடுவது என்பதற்குத்தான் பெயர் தேவை."

தலைவர் சரியென்று போய்விட்டார். அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு கைகழுவும் தொட்டிப் பக்கம் போனேன். மதாம் பின்னாலேயே வந்தார். அவருக்கு எதுவும் தப்பாது.

"உங்களுக்கு அந்தக் கடையைத் தெரியுமா?"

"தெரியும். என் வீட்டுக்குப் பக்கம்."

"அப்படியானால் ஓர் உதவி வேண்டும். அந்த மாம்பழத்தில் இருக்கும் புழுவும் எனக்கு வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்க்கவேண்டும். ஆனால் ஒன்று, அதில் என்ன வந்தாலும் நான் மறைக்கமாட்டேன். அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்."

அன்று மாலை கடைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை பருப்பு டப்பாக்களைப் பார்ப்பதுபோல் நின்றுவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கடையைப் பூட்டிப்போடுவினமோ அக்கா?" என்றார். "என்ரை பேப்பர் அலுவலே இன்னும் முடியேல்லை. அகதி விசாவுக்கு எண்டு ப்ரெஃபெக்சர் கந்தோருக்கு அலைஞ்சுகொண்டு திரியிறன். இதுக்குள்ளை இப்பிடி ஒரு பிரச்சினை எண்டால்..."

"அதெல்லாம் பூட்ட மாட்டாங்கன்னு நான் சொல்ல முடியாது தம்பி. ஆனா அந்த அம்மா அநியாயம் பண்ண மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். பழம் குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

அவர் உள்ளே போனார். உள்ளறையில் பெட்டிகள் நகரும் சத்தம் கேட்டது. அவர் ஒளித்து வைக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன், தப்பென்றும் எனக்குத் தோன்றவில்லை. நாடு விட்டு வந்து, இன்னும் தங்குவதற்கே உறுதி கிடைக்காத மனிதர். ஆனால் அவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். பருவம் தப்பிக் காய்த்து, கொழும்பு வழியாக விமானத்தில் வந்த மாம்பழம். சிலவற்றின் தோலில் அதே ஊசிப் புள்ளி.

"ஓம், புழு இருக்கு. இருக்கிறதை இல்லையெண்டு சொல்லி என்ன செய்யிறது? நான் பாத்துப் பாத்துக் கழிக்கிறனான். கழிச்சதை அந்த ஐயா தோட்டத்துக்கு எண்டு கொண்டுபோறவர். அந்த மனுசன்ரை மரத்துக்கு என்னாலை கேடு வந்திருந்தா, அது எனக்கும் தெரியத்தானே வேணும்."

அவர் அப்படிச் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் அன்று கேலி பேசவில்லை. "நானா இருந்தா குடுத்திருப்பேனான்னு தெரியல" என்றார்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு பெரிய கண்ணாடிச் சாடிகளில் ஈர மணல் பரப்பினோம். ஒன்றின்மேல் கம்பிவலைத் தட்டில் ஆப்பிள், மற்றதில் மாம்பழம். சாடிகளின் வாயில் மெல்லிய துணி கட்டி, அறையைச் சூடாக வைத்தோம். புழுக்கள் தின்று முடித்து வலைவழியாக மணலில் குதித்தன. மணலுக்குள் புகுந்து, தோல் இறுகி, நெல்மணி அளவில் பழுப்பு நிறக் கூடுகளாகின. இரண்டு சாடியிலும் அதேபோலத்தான். புழு ஒன்றுபோல் இருந்தது, கூடும் ஒன்றுபோல் இருந்தது. ஒவ்வொரு நாளும் போய், வித்தியாசம் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன்.

காத்திருந்த அந்த நாட்களில் மதாம் எனக்குச் சொன்னவை என் மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டன. பாடம் நடத்துவதுபோல் சொல்லமாட்டார். வேலை பார்த்துக்கொண்டே, வியந்துபோய்ச் சொல்வார். "இவளுடைய சாமர்த்தியத்தைப் பாருங்கள். முட்டையைத் தோலுக்குக் கீழே வைத்துவிடுகிறாள், மருந்து எட்டாது. புழு பழத்துக்குள், அங்கும் எட்டாது. கூடு மண்ணுக்குள். வாழ்நாளில் ஒரே ஒரு பருவத்தில்தான் நம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறாள், பறக்கும்போது. அப்போதும் அவளுக்கு ஒரு பலவீனம் உண்டு. வெறும் சர்க்கரை குடித்து முட்டை வைக்க முடியாது. புரதம் வேண்டும். பறவை எச்சம், அழுகின இலை, எதையாவது தேடி அலைவாள். அந்தப் பசியைத்தான் நாம் பிடிக்கவேண்டும்." பூச்சியை அழிக்கும் வழியைச் சொல்லும்போதுகூட அவர் குரலில் பகை இருக்காது. நன்றாக விளையாடும் எதிரணியைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு காலை, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சாடிகளைப் பார்க்கப் போனேன். ஆப்பிள் சாடியில் மணல் அசைந்தது. மதாமைக் கூப்பிட்டேன். இருவரும் முழங்கால் போட்டு உட்கார்ந்தோம். மணலைப் பிளந்துகொண்டு வெளிறிய தலை ஒன்று வந்தது. நெற்றியில் பலூன்போல ஒன்று ஊதுவதும் சுருங்குவதுமாக இருந்தது. கூட்டின் மூடியைத் தள்ளித் திறப்பதும், மண்ணை முட்டி வழி செய்வதும் அந்தப் பலூனால்தானாம். வேலை முடிந்ததும் அது தலைக்குள் போய்விடும், பிறகு வாழ்நாளில் அதற்குப் பயனில்லை. ஈ தட்டுத்தடுமாறிக் கண்ணாடியில் ஏறியது. கசங்கிய துணிபோலிருந்த இறக்கைகள் மெல்ல விரிந்தன.

எத்தனை அழகு என்று எப்படிச் சொல்வது! வீட்டு ஈயைவிடச் சின்னது. முதுகில் வெள்ளியும் கறுப்பும் கலந்த திட்டுகள். கண் பச்சையாகவும் ஊதாவாகவும் மாறி மாறி மின்னியது. இறக்கையில் மஞ்சள் பட்டைகள், நடுநடுவே கறுப்புத் தூசி தெளித்ததுபோல் புள்ளிகள். பட்டுச்சேலைக் கரை நெய்கிறவர்கள் பார்த்தால் விடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

மதாம் கழுத்துக் கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். "மத்தியதரைக்கடல் ஈ" என்றார். "தெற்கே ஆரஞ்சிலும் பீச்சிலும் இருப்பவள்."

"மாம்பழத்தில் இருப்பது?"

"தெரியவில்லை. இன்னும் வரவில்லையே."

அந்தச் சாடியிலும் சில நாட்களில் மணல் அசைந்தது. வந்தது பெரிய ஈ. இடுப்பு ஒடுங்கி, குளவிபோல் இருந்தது. முதுகில் இரண்டு மஞ்சள் கோடுகள். இறக்கையோ கண்ணாடித் தாள் மாதிரித் தெளிவு. ஓரத்தில் மெல்லிய கோட்டைத் தவிர ஒரு பட்டையும் இல்லை, புள்ளியும் இல்லை. உருப்பெருக்கி இல்லாமலே யாருக்கும் வித்தியாசம் தெரியும். மதாம் எழுந்து என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார்.

"இவள் ஆசியாக்காரி. அவள் இவளில்லை."

எனக்கு உடனே ரூ காய்க்கு ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் போலிருந்தது. ஆனால் மதாம் அதோடு விடவில்லை. மாம்பழத்தில் கண்டதையும் தலைவருக்கு அப்படியே சொன்னார். கடைக்குத் தாமே நேரில் வந்தார். பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, புள்ளி விழுந்தவற்றை எரிக்கவேண்டும் என்றார். கழித்த பழத்தை இனிமேல் யாருக்கும் எருவுக்குக் கொடுக்கக்கூடாது, கொதிக்கும் நீரில் போட்டுப் பை கட்டியே குப்பைக்கு அனுப்பவேண்டும் என்றார். நான் பயந்துகொண்டே மொழிபெயர்த்தேன். கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

"ஓம், செய்யிறன். கடை பூட்டத் தேவையில்லையோ எண்டு மட்டும் கேளுங்கோ அக்கா."

கேட்டேன். மதாமுக்கு அந்தக் கேள்வியே ஆச்சரியம். "எதற்குப் பூட்டவேண்டும்? புழு இருக்கிறது என்று தாமாகவே எடுத்துக் கொடுத்தவர் இவர். இப்படி ஒரு கடைக்காரர் எனக்கு வேண்டும்" என்றார். அதை நான் தமிழில் சொன்னதும் அவர் திரும்பி நின்று, ஏற்கெனவே அடுக்கியிருந்த வெங்காயத்தை மறுபடி அடுக்கினார்.

மாம்பழ ஈ அல்ல என்றால் அந்த ஈ எப்படித் தோட்டத்துக்கு வந்தது? அடுத்த சனிக்கிழமை மதாமோடு நானும் ரயிலேறினேன். தோட்டம் சிறியது, ஆனால் கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பராமரிக்கப்பட்டது. மதாம் நேரே ஆப்பிள் மரங்களுக்குப் போகவில்லை. வேலியோரமாகச் சுற்றிச்சுற்றி வந்தார். களஞ்சியத்தின் பின்னால், தெற்கு வெயில் விழும் சுவரோரம், ஒரு பீச் மரம் நின்றது. அதன் பக்கத்தில்தான் எருக்குழி.

"கோடையில் இந்தப் பீச் எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

தோட்டத்துக்காரர் மீசையைத் தடவினார். "பழுக்கும் முன்பே கொட்டிவிட்டது. கிழட்டு மரம், அதனால் என்று நினைத்தேன்."

"கோடை தொடங்கும்போது இந்தக் குழியில் என்ன கொட்டினீர்கள்?"

அவர் யோசித்தார். எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். பிறகு, "ஆரஞ்சு. ஒரு சந்தையில் மீந்த ஆரஞ்சு, வேன் நிறைய. கேட்டு வாங்கி வந்தேன்" என்றார்.

மதாம் குழியருகே குனிந்தார். மண்வெட்டியால் மேல்மண்ணைச் சுரண்டி என்னிடம் கொடுத்தார். நான் சல்லடையில் சலித்தேன். மண் உதிர உதிர, பழுப்பு நெல்மணிகள் தங்கின. ஒருமுனை திறந்த, காலியான கூடுகள். ஆரஞ்சிலிருந்து பீச்சுக்கும், பீச் கொட்டியதும் ஆப்பிளுக்கும் அது வந்த வழி அங்கே கிடந்தது.

தோட்டத்துக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மதாம் அவரைக் குற்றம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: "உங்கள் ஆரஞ்சில் அவள் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? வெளியே தெரியாதபடி இருப்பதுதான் அவள் வேலை. வாருங்கள், நம் வேலையைப் பார்ப்போம்."

வேலை நிறைய இருந்தது. மரத்திலும் தரையிலும் இருக்கும் ஒவ்வொரு பழத்தையும் எடுத்தாக வேண்டும். ஆழக் குழி வெட்டிக் கொட்டி, மேலே முழங்கால் உயரத்துக்கு மண் மூடி மிதிக்கவேண்டும். ஒரு பழம் தப்பினாலும் அதில் ஒரு கூட்டம் இருக்கலாம். "குளிர் வந்தால் இவள் தாங்கமாட்டாள், இந்த ஊர்க் குளிர்காலம் நமக்குப் பெரிய துணை. ஆனால் அதையே நம்பிச் சும்மா இருக்கமாட்டேன்" என்றார் மதாம். தோட்டத்துக்காரருக்கும் அவர் மனைவிக்கும் வயதாகிவிட்டது. அறுவடைக்கு வந்த ஆட்களும் போய்விட்டார்கள். ஆள் எங்கே?

திங்கட்கிழமை நான் கடையில் இதைப் பேச்சுவாக்கில்தான் சொன்னேன். தோட்டத்துக்காரர் அதற்கு முன்பே வந்து போயிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அந்த ஐயா விடியவே வந்தவர்" என்றார் கடைக்காரர். "கடை திறக்க முந்தியே வாசலிலை நிக்கிறார். எனக்கு அவற்றை பிரெஞ்சு முழுக்க விளங்கேல்லை. பார்தோன், பார்தோன் எண்டு கனதரம் சொன்னவர். நான் தேத்தண்ணி குடுத்தன். நிண்டபடியே குடிச்சிட்டுப் போட்டார்."

"கோவமே வரலையா தம்பி உங்களுக்கு?"

"வந்ததுதான் அக்கா. அண்டைக்கு இரவு நித்திரை இல்லை. ஆனா ஒரு மனுசன் தன்ரை பிழையைச் சொல்ல அவ்வளவு தூரம் வந்து நிக்கேக்கை என்ன கதைக்கிறது?" பிறகு கொஞ்சம் யோசித்து, "லா கூர்னெவிலை எங்கடை பெடியள் இருக்கினம். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை அவைக்கு. கேட்டுப் பாக்கிறன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறேன். லா கூர்னெவ் என்ற புறநகரிலிருந்து ஏழெட்டு ஆண்கள் வந்தார்கள். பெரும்பாலும் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவுகிறவர்கள். ஊரில் வெங்காயமும் புகையிலையும் பயிரிட்ட குடும்பங்கள். பிரான்சுக்கு வந்தபின் மண்ணைத் தொட்டதே இல்லை என்றார் ஒருவர். என் கணவரும் ரப்பர் பூட்ஸ் இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். பனியில் நனைந்த புல்லில் வரிசையாகக் குனிந்து நடந்தோம். கைக்கு எட்டாத பழங்களை ஏணி வைத்து இறக்கினார்கள். "இதிலை ஒண்டுமில்லை, நல்ல பழம்" என்று ஒருவர் தயங்கினால், மதாம் வாங்கித் திருப்பிப் பார்த்து, அந்த ஊசிப் புள்ளியைத் தேடிக் காட்டுவார். மதியத்துக்குள் அவர்களும் அதைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டார்கள். "மதாம், இசி, இங்கை!" என்று மரத்துக்கு மரம் குரல் எழுந்தது. அவர் உயரமான உடம்போடு ஒவ்வொருவரிடமும் ஓடினார். தோட்டத்துக்காரரின் மனைவி பெரிய பானையில் வெங்காய சூப் வைத்துக் கொண்டுவந்தார். கடைக்காரர் தன் பையிலிருந்து மிளகாய்த்தூளை எடுத்ததும் அந்த அம்மா கேட்டு வாங்கித் தன் கிண்ணத்திலும் போட்டுக்கொண்டார், பிறகு வெகுநேரம் இருமினார்.

குழி மூடியபின் பொறிகளைத் தொங்கவிட்டோம். கீழே துளையுள்ள பிளாஸ்டிக் குடுவைகள், அவற்றில் அமோனியா வாடை வீசும் நீர். புரதம் இருக்கிறதென்று நம்பி உள்ளே வரும் ஈ திரும்பிப் போகத் தெரியாமல் மூழ்கிவிடும். மருந்தும் அடித்தார்கள். ஆனால் தோட்டத்துக்காரர் நினைத்திருந்ததுபோல் மரம் முழுவதையும் குளிப்பாட்டவில்லை. புரதம் கலந்த மருந்தை மரத்துக்கு ஒரு பக்கம், சில இலைகளில் மட்டும் தெளிக்கச் சொன்னார் மதாம். "தேனீ இதைத் தேடி வராது. அவள் வருவாள். பசித்தவள் தானாக வரும்போது நாம் ஏன் எல்லோருக்கும் விஷம் வைக்கவேண்டும்?"

குளிர்காலம் கடுமையாக வந்தது. வசந்தத்தில் மரத்தடியில் துணிக்கூடாரங்கள் போட்டு, மண்ணிலிருந்து ஏதாவது வெளியே வருகிறதா என்று பார்த்தோம். கோடை முழுவதும் மதாம் வாரந்தோறும் போய்ப் பொறிகளைக் காலி செய்தார். பல வாரங்கள் நானும் உடன் போனேன். சிறு கொசுக்கள், வண்டுகள், வழிதவறிய ஒரு குளவி. பட்டை போட்ட இறக்கை ஒன்றுகூட இல்லை. இல்லை என்று தெரிந்தபிறகும் அவர் ஒவ்வொரு பொறியையும் முதல்நாள் பார்த்த அதே கவனத்தோடு வடிகட்டிப் பார்த்தார். அந்த இலையுதிர்காலத்தில் ஆப்பிள் நன்றாக விளைந்தது. தோட்டத்துக்காரரின் வேன் ரூ காயில் நிற்பதை என் சன்னலிலிருந்து பார்க்க முடியாது. ஆனால் கடையில் ஆப்பிள் அடுக்கியிருப்பதை வைத்து அவர் வந்து போனதைத் தெரிந்துகொள்வேன். கடைக்காரருக்கு அகதி உரிமையும் கிடைத்தது. அந்தத் தாளை எனக்குக் காட்டுவதற்காக நான்கு மாடி ஏறி வந்தார்.

மதாமுக்கு இரண்டு வருடம் கழித்துத் தெற்கே மாற்றல் ஆனது. ஆரஞ்சும் பீச்சும் விளையும் பகுதி, பழ ஈக்கள் உண்மையிலேயே ஆட்சி செய்யும் இடம். போவதற்கு முன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கையால் சாப்பிடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்து, மீன் குழம்பைச் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டார். என் மகள் பிரெஞ்சில் அவரிடம் விடாமல் கேள்வி கேட்டாள். ஈக்குக் காது உண்டா, ஈ தூங்குமா என்று. பாதிக் கேள்விகளுக்கு மதாம் முகம் மலர்ந்து "தெரியவில்லை" என்றார். மகளுக்கு அது பிடித்துப்போயிற்று.

மெத்ரோவுக்கு நடக்கும் வழியில் கடையில் நின்றோம். மதாமின் கண் பாகற்காய்க் கூடையில் விழுந்தது. ஒன்றை எடுத்தார், கழுத்துக் கண்ணாடி தானாகக் கண்ணுக்குப் போனது. காய் ஓரிடத்தில் வளைந்து சூம்பியிருந்தது.

"இதைக் குத்துகிறவள் யார்?" என்று கேட்டார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "பாவற்காய்க்கும் ஈ இருக்கெண்டு சொல்லுங்கோ அக்கா. ஊரிலை பிஞ்சிலையே கடதாசி உறை கட்டி விடுவம்."

சொன்னேன். உறை எப்போது கட்டுவது, எந்தக் கடதாசி, மழையில் நனைந்தால் என்ன செய்வது என்று மதாம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைக்காரர் யாழ்ப்பாணத் தமிழிலும், மதாம் பிரெஞ்சிலும், நடுவில் நான். கடைசி மெத்ரோ கவலை எனக்குத்தான். நல்ல காயாகத் தருகிறேன் என்று கடைக்காரர் பொறுக்கி நீட்டினார். மதாம் அவற்றைக் கூடையிலேயே திரும்ப வைத்துவிட்டு, வளைந்ததும் சூம்பியதுமாகப் பார்த்து ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டார்.